கோயில் கணக்கு சேவ் ஆகமாட்டேங்குது, புது ஃபைலுக்கே "ஃபைல் காணோம்"னு சொல்லுது

கித்தாக்காட்டு_மைந்தன்
செவ்வாய், இரவு 11:20

வணக்கம் எல்லாருக்கும். நான் மலேசியா, பேராக்ல சுங்கை சிப்புட் பக்கம். கம்ப்யூட்டர் படிச்சவன் இல்ல, ஃபேக்டரில ஷிஃப்ட் வேல. எங்க தோட்டத்து மாரியம்மன் கோயில் இருக்கு, தோட்டம்தான் இல்ல, கித்தா (ரப்பர்) மரத்த வெட்டி செம்பனை போட்டு, அப்புறம் அதுல பாதிய தாமான் (குடியிருப்பு) ஆக்கிட்டாங்க, லயத்து வரிசை வீட்டுல இருந்தவங்க எல்லாம் சிதறிப் போயிட்டாங்க, ஆனா திருவிழான்னா கிள்ளான் ஜொகூர்ல இருந்தெல்லாம் வந்துடுவாங்க. போன வருஷக் கூட்டத்துல "நீதான்பா டைப் அடிக்கத் தெரிஞ்சவன்"னு செயலாளர் பதவிய என் தலையில கட்டிட்டாங்க. அதனால உபயக்காரங்க லிஸ்ட்டு, ரசீது, கடிதம் எல்லாம் நான்தான், ராத்திரி வேல முடிஞ்சு வந்து வீட்டு கம்ப்யூட்டர்ல உக்காந்து அடிக்கிறேன்.

விண்டோஸ் 10. ஈப்போவுல செகண்ட் ஹேண்டா 650 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினது. சி டிரைவ் எஸ்எஸ்டி 120 ஜிபி, டி டிரைவ் பழைய ஹார்ட்டிஸ்க் 500 ஜிபி. முன்ன கள்ள எக்செல் இருந்துச்சு, அது செத்துப்போச்சு, தீபாவளிக்கு வந்த அக்கா மவன் லிப்ரே ஆஃபிஸ் போட்டுக் குடுத்தான், காசு வேணாம் மாமா இதுவே போதும்னான். அதுல இருந்துதான் ஆரம்பம்னு நினைக்கிறேன், ஆனா நிச்சயமா சொல்ல முடியல, ஏன்னா அதுக்கப்புறம் ரெண்டு மாசம் நான் அத தொடவே இல்ல, இப்பதான் திருவிழா வேல ஆரம்பிச்சிருக்கு.

முதல் பிரச்சினை. புதுசா ஒரு கடிதம் அடிச்சு டாக்குமெண்ட்ஸ்ல சேவ் பண்ணப்போனா "ஃபைல் நாட் ஃபவுண்ட், செக் தி ஃபைல் நேம் அண்ட் ட்ரை அகெய்ன்"னு வருது. அட நான் இப்பதான்யா அந்த ஃபைல உண்டாக்கவே போறேன், பொறக்காத புள்ளய காணோம்னு போலீஸ்ல சொன்ன மாதிரி இருக்கு. பேர மாத்திப் பாத்தேன், "1"ன்னு வெறும் ஒத்த எழுத்துல போட்டுப் பாத்தேன், அதே பாட்டு.

ரெண்டாவது, சில பேருக்கு மட்டும் வேற மாதிரி தகராறு. ஒரு குடும்பத்துக்கு ஒரு ஃபோல்டர்னு வைக்கிறேன், ஐசில (அடையாள அட்டையில) உள்ள மாதிரியே முழுப் பேரு போடுவேன். சிலது ஏத்துக்குது சிலது மாட்டேங்குது, ஒரு சின்ன மஞ்சப் பெட்டி வந்து என்னென்னமோ குறி எல்லாம் காட்டுது. டி டிரைவ்லயும் இதே கததான்.

மூணாவது, போன வருஷ தீமிதி வீடியோ, கேமராக்காரர் ஒரே ஃபைலா குடுத்தாரு, 6 ஜிபிக்கு மேல. அத 32 ஜிபி பென்டிரைவ்ல போட்டா ஃபைல் பெருசா இருக்குன்னு சொல்லுது. பென்டிரைவ்ல 27 ஜிபி காலியா கிடக்கு!

போன வாரம் பெரிய இடி, ரெண்டு தடவ கரண்ட் ட்ரிப் ஆச்சு, கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதுல ஏதோ அடிபட்டுதான் எல்லாம் ஒண்ணா வந்திருக்கோன்னு பயமா இருக்கு. பட்டணத்துல ஒரு கடையில கேட்டேன், கம்ப்யூட்டர பாக்காமலே "வைரஸ், ஃபார்மட் பண்ணணும், 120 வெள்ளி"ன்னாங்க. யாராச்சும் சொல்லுங்க. வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி கூட்டம்.


செம்பனைக்குலை
செவ்வாய், இரவு 11:41

அண்ணே கடக்காரன் சொன்னது சரிதான் லா, ஃபார்மட் அடிச்சு புதுசா விண்டோஸ் 11 போட்டுடுங்க, எல்லாப் பிரச்சினையும் ஒரே அடியில போயிரும். நான் வருஷத்துக்கு ரெண்டு தடவ அடிப்பேன்.


ஈப்போ_வயர்மேன்
புதன், காலை 6:50

தம்பி செம்பனை, வருஷத்துக்கு ரெண்டு தடவ வீட்ட இடிச்சுக் கட்டுறவன் மாதிரி பேசாத. அவரு வச்சிருக்கிறது ஊரு கணக்கு, உன் கேம் இல்ல. அதுவும் சேவ் ஆகாத கம்ப்யூட்டர்ல முதல் வேல இருக்கறத காப்பாத்தறது, அழிக்கிறது இல்ல.

மைந்தன் அண்ணே, நீங்க எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். எனக்கு இது மூணும் மூணு வியாதியா தெரியுது. காச்சலு, பல்லுவலி, கால்ல முள்ளு, மூணும் ஒரே நாள்ல வந்தா விஷக்கடின்னு நெனப்போம்ல அந்த மாதிரி. ஆனா ஊகம் வேணாம், இத மட்டும் பாத்து சொல்லுங்க.

அந்த "ஃபைல் நாட் ஃபவுண்ட்" வர்ற நேரத்துல ஸ்கிரீன் வலதுபக்கம் கீழ மூலையில ஏதாவது பெட்டி எட்டிப் பாத்துட்டுப் போவுதா. நோட்பேட் தொறந்து ரெண்டு வார்த்த அடிச்சு அதே டாக்குமெண்ட்ஸ்ல சேவ் பண்ணா ஆவுதா. லிப்ரே ஆஃபிஸ்ல இருந்து டவுன்லோட்ஸ்ல சேவ் பண்ணா ஆவுதா. சி டிரைவ்ல எவ்வளவு காலி இருக்கு. அக்கா மவன் லிப்ரே ஆஃபிஸ் தவிர வேற எதையாவது நோண்டினானா, இதுதான் முக்கியம்.

இதெல்லாம் தெரியிற வரைக்கும் டைப் அடிக்கிறத டவுன்லோட்ஸ்லயோ டி டிரைவ்லயோ சேவ் பண்ணி வைங்க, ராத்திரி பூரா அடிச்சது கரண்ட் போயி காத்துல போயிடக்கூடாது.


கித்தாக்காட்டு_மைந்தன்
புதன், மாலை 5:15

நன்றி அண்ணே. பாத்துட்டேன்.

நோட்பேட்ல சேவ் ஆவுது! அதே டாக்குமெண்ட்ஸ்ல! லிப்ரே ஆஃபிஸ்ல இருந்து டவுன்லோட்ஸ்க்கு சேவ் ஆவுது, டாக்குமெண்ட்ஸ்க்கு மட்டும் மாட்டேங்குது. சி டிரைவ் 111 ஜிபின்னு காட்டுது, 31 காலி. 120ன்னு சொல்லித்தான் வித்தான், 9 ஜிபிய யாரு தின்னாங்கன்னு தெரியல அது வேற கத.

மூலையில ஒரு கறுப்புப் பெட்டி வந்து வந்து போவுது, நான் விளம்பரம்னு நெனச்சு கவனிக்கவே இல்ல, இன்னிக்கு கண்ண வச்சுப் பாத்தேன், "அன்ஆதரைஸ்ட் சேஞ்சஸ் ப்ளாக்ட்"னு இருக்கு. அக்கா மவனுக்கு ஃபோன் போட்டேன். "ரேன்சம்வேர் வந்தா ஃபோட்டோ எல்லாம் பூட்டிட்டு காசு கேப்பான் மாமா, அதுக்கு ஒரு பாதுகாப்பு இருந்துச்சு, ஆன் பண்ணி விட்டேன்"னான். ஆன் பண்ணத என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.


டீச்சரக்கா
புதன், மாலை 6:02

மத்தத வயர்மேன் சொல்வாரு, உங்க ரெண்டாவது பிரச்சினைய நான் சொல்றேன் தம்பி, ஏன்னா நான் இதுல நாலு வருஷம் அழுதவ. ஐசில உள்ள மாதிரியே பேரு போடுறேன்னு சொன்னீங்க இல்ல? அப்ப இன்னாரு மகன், இன்னாரு மகள்னு அப்பா பேருக்கு முன்னாடி "ஏ/எல்", "ஏ/பி" போடுறீங்க. அந்த நடுவுல இருக்கிற கோடுதான் கள்ளன்.

நான் தமிழ்ப்பள்ளில இருந்து இடைநிலைப்பள்ளிக்கு மாத்தலாகிப் போன புதுசுல வகுப்புல 34 பிள்ளைங்க, ஒவ்வொருத்தருக்கும் ஒரு ரிப்போர்ட் ஃபைல். பக்கத்து மேசை மலாய் டீச்சர் அதே மகன், மகளுக்கு பின், பிந்தி போட்டு சரசரன்னு சேவ் பண்ணிட்டுப் போவாங்க, சீன டீச்சருக்கும் ஒண்ணும் இல்ல, எனக்கு மட்டும் நம்ம பிள்ளைங்க பேரு வரும்போதெல்லாம் கம்ப்யூட்டர் முறுக்கிக்கும். நான் என்னமோ தமிழன்னா கம்ப்யூட்டருக்கும் இளக்காரம்னு நெனச்சேன், நெசமா. அப்புறம் ஆய்வுக்கூட உதவியாளர் ஒரு பையன்தான் காட்டினான், அந்த மஞ்சப் பெட்டில வர்ற குறிங்க எதுவுமே ஃபைல் பேருலயோ ஃபோல்டர் பேருலயோ வரக்கூடாதாம். \ / : * ? " < > | இந்த ஒம்பதுதான்.

நான் இப்ப "ஏ-எல்"னு நடுக்கோடு போட்டுடுவேன். ஃபைலுக்கு உள்ள கடிதத்துல வழக்கம்போல சாஞ்ச கோடு போட்டுக்கலாம், அதுக்கு ஒண்ணும் இல்ல, வெளிப் பேருலதான் கூடாது. தேதியும் அப்படித்தான், 12/7ன்னு போட்டா ஏத்துக்காது, 12-7 போடுங்க. இன்னொண்ணு, ஐசி நம்பரையும் ஃபைல் பேருல எழுதுற பழக்கம் இருந்தா விட்டுடுங்க தம்பி, பென்டிரைவ் கைமாறும்போது ஊருக்கே தெரியும்.


ஈப்போ_வயர்மேன்
புதன், இரவு 9:30

டீச்சர் சொன்னது நூத்துக்கு நூறு. சாஞ்ச கோட்ட விண்டோஸ் "இதுக்கு மேல ஒரு ஃபோல்டர், இதுக்கு கீழ அதுக்குள்ள இருக்கறது"ன்னு படிக்கும். 1983ல, விண்டோஸுக்கு முன்னாடி இருந்த எம்எஸ்-டாஸ் 2ல ஃபோல்டர் வந்தப்ப போட்ட வழக்கம், இன்னிக்கும் நம்ம அப்பா பேருல வந்து இடிக்குது. ரெண்டு புள்ளியும் ஆவாது, "பூஜை 7:30"ன்னு பேரு வைக்காதீங்க.

இப்ப முதல் பிரச்சினை. நீங்க சொன்ன மூணு பதில்லயே விடை இருக்கு. நோட்பேட் எழுதுது, அப்ப டிஸ்க் நல்லாருக்கு, டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரும் நல்லாருக்கு. லிப்ரே ஆஃபிஸ் டவுன்லோட்ஸ்ல எழுதுது, அப்ப லிப்ரே ஆஃபிஸும் நல்லாருக்கு. ரெண்டு நல்லவங்க சேர்ந்தா மட்டும் ஆவலன்னா நடுவுல எவனோ ஜாகா (காவல்) நிக்கிறான். அவன் பேரு கண்ட்ரோல்ட் ஃபோல்டர் ஆக்செஸ். விண்டோஸோட கூடவே வர்ற வைரஸ் தடுப்பு, விண்டோஸ் டிஃபெண்டர், அதுலயே இருக்கறது, 2017 அக்டோபர்ல வந்த விண்டோஸ் 10 பதிப்புல சேத்தாங்க. அதே வருஷம் மே மாசம் வான்னாக்ரைங்கிற ரேன்சம்வேர் வந்து உலகம் பூரா கம்ப்யூட்டர்கள, ஆஸ்பத்திரில உள்ளதக் கூட, பூட்டினது ஞாபகம் இருக்கும்.

அவன் வேல என்னன்னா, டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ், மியூசிக் இந்த ஃபோல்டருங்களுக்கு வாசல்ல நின்னுக்கிட்டு தெரிஞ்ச ஆளுங்கள மட்டும் உள்ள விடுவான். நோட்பேட் மைக்ரோசாஃப்ட் வீட்டுப் புள்ள, விட்டுடுவான். லிப்ரே ஆஃபிஸ் வெளியூரு, முகம் தெரியல, நிறுத்திட்டான். டவுன்லோட்ஸ் வாசல்ல அவன் நிக்கிறது இல்ல, அதான் அங்க சேவ் ஆச்சு. கூத்து என்னன்னா அவன் நிறுத்தினத சேவ் பெட்டி நேரா சொல்லாது, எழுதப் பாக்கும், எழுத முடியாது, எழுதினது இருக்கான்னு தேடும், இல்ல, உடனே "ஃபைல் காணோம்"ங்கும். பாதிப் பேரு அந்த வரிய நம்பிதான் ஃபார்மட் வரைக்கும் போறாங்க.

செய்ய வேண்டியது. ஸ்டார்ட் அழுத்தி "ரேன்சம்வேர் ப்ரொடெக்ஷன்"னு அடிங்க, தொறங்க. கண்ட்ரோல்ட் ஃபோல்டர் ஆக்செஸ் "ஆன்"ல இருக்கும், அத ஆஃப் பண்ணாதீங்க. கீழ "அலோ அன் ஆப்"னு ஆரம்பிக்கிற நீல எழுத்து இருக்கும், அத அழுத்துங்க, யெஸ் கேக்கும், குடுங்க. கூட்டல் குறி போட்ட பட்டன் வரும், அதுல "ரீசன்ட்லி ப்ளாக்ட் ஆப்ஸ்" எடுங்க. சமீபத்துல வாசல்ல மறிச்ச ஆளுங்க லிஸ்ட் அது. அதுல சோஃபிஸ் டாட் பின்னு ஒண்ணு நிக்கும், அதுதான் லிப்ரே ஆஃபிஸ், பக்கத்துல உள்ள கூட்டல அழுத்துங்க. லிப்ரே ஆஃபிஸ மூடிட்டு மறுபடி தொறங்க. அவ்வளவுதான்.

ஏன் ஆஃப் பண்ண வேணாம்னு சொல்றேன்னா, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட வழக்கமான அப்டேட் நின்னு போச்சு. வேலி பழசாகிப் போன வீட்டுல வாசல் ஜாகாவையும் அனுப்பிட்டா எப்படி. அக்கா மவன் செஞ்சது நல்ல வேலதான், சொல்லாம செஞ்சதுதான் தப்பு.

வீடியோ கத நாளைக்கு. 9 ஜிபிய யாரும் தின்னல, கம்பெனிக்காரன் 1000 1000மா எண்ணி 120ன்னு விக்கிறான், விண்டோஸ் 1024 1024ஆ எண்ணி 111ன்னு காட்டுது.


பழைய_கிராணி
வியாழன், காலை 8:12

வயர்மேன் சொன்னபடி செய்யுங்க, சரியா வரும். ஆனா அந்த டி டிரைவ் பழைய ஹார்ட்டிஸ்க்குன்னு எழுதியிருக்கீங்க, இடி, ட்ரிப்புன்னும் எழுதியிருக்கீங்க, இத படிச்சதுல இருந்து எனக்கு மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

நான் பீடோர் பக்கம் ஒரு தோட்டத்துல 31 வருஷம் ஆபீஸ் வேல பாத்தவன். வேலய விட்டு வந்தப்புறம் தோட்டத்து ஃபோட்டோ எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி சேத்தேன். ஆயாக் கொட்டாய், பெரட்டுக் களத்துல காலங்காத்தால ஆளுங்க வரிசையா நிக்கிறது, மரத்துப் பால் நிறுக்கிற எடம், லயத்து வாசல்ல கல்யாணப் பந்தல், இப்படி ஆயிரத்துச் சொச்சம் படம். எல்லாம் ஒரே ஹார்ட்டிஸ்க்ல. ஒரு நாள் சேவ் பண்ண ரொம்ப நேரம் எடுத்துச்சு, மறுநாள் ரெண்டு படம் தொறக்கல, நான் அத பெருசா எடுத்துக்கல. அப்புறம் உள்ளருந்து டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம், பல்லி கத்துற மாதிரி. தெரிஞ்ச பையன் டிஸ்க்க சோதிக்கிற செக்டிஸ்க் ஓட விட்டா சரியாயிடும்னான், ராத்திரி ஓட விட்டுட்டு படுத்தேன், காலையில டிரைவே காட்டல. சாகக் கிடந்த டிஸ்க்க அது பூரா படிக்கவச்சு ஓட்டு ஓட்டுன்னு ஓட்டியிருக்கு, உள்ளத முதல்ல வேற எடத்துக்கு எடுத்து வச்சிட்டுத்தான் அத ஓட்டணும்னு அப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். பாதிப் படத்துக்கு அசல் காகிதமே இல்ல, கறையான் தின்னதுல மிச்சத்தத்தான் ஸ்கேன் பண்ணியிருந்தேன்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. ஓட விட்டா மேல நீலமா இருந்தா நலம், மஞ்சளா இருந்தா இன்னிக்கே எல்லாத்தையும் காப்பி பண்ணுங்க, சிவப்புக்கு காத்திருக்காதீங்க. கீழ ஒரு பட்டியல் வரும், அதுல 05, சி5, சி6ன்னு மூணு வரி, ஒவ்வொரு வரிக்கும் கடைசில "ரா வேல்யூஸ்"ங்கிற கட்டத்துல பூரா பூஜ்யமா இருக்கணும். 05ங்கிறது கெட்டுப் போயி மாத்தி வச்ச எடம், சி5ங்கிறது படிக்கத் திணறிக்கிட்டு இருக்கிற எடம். நீலமா காட்டினாலும் அந்த மூணு வரிய கண்ணால பாருங்க.


கித்தாக்காட்டு_மைந்தன்
வியாழன், இரவு 10:48

சேவ் ஆயிடுச்சு!!! டாக்குமெண்ட்ஸ்லயே!

ஆனா ஒரு சின்ன கூத்து பண்ணிட்டேன் வயர்மேன் அண்ணே, நீங்க சொன்ன லிஸ்ட்ட தேடாம நானே புத்திசாலித்தனமா ப்ரோக்ராம் ஃபைல்ஸ்க்குள்ள போயி சோஃபிஸ் டாட் எக்ஸிய சேத்துட்டேன், அப்புறமும் ஆவல, உங்கள மனசுக்குள்ள திட்டினேன். மறுபடி படிச்சப்பதான் "டாட் பின்"னு எழுதியிருக்கறது கண்ணுல பட்டுச்சு. லிஸ்ட்ல பாத்தா அதே பேரு ஏழெட்டு தடவ நிக்குது, ஒவ்வொரு ராத்திரியும் நான் முட்டி மோதினதுக்கு ஒண்ணு ஒண்ணு. கூட்டல் போட்டேன், மூடித் தொறந்தேன், உபயக்காரர் லிஸ்ட்டு போயி ஜம்முனு உக்காந்துச்சு.

டீச்சரக்கா, நீங்க சொன்னதுதான். 62 குடும்பத்துல ஏத்துக்கிட்டது எல்லாம் கடிதத்துல வெறும் "திருமதி"ன்னு போட்டவங்களும், கோயில் ஐயரும், மலர்க்கடை சீனரும், இன்னும் சில பேரும். மத்த எல்லாம் ஏ/எல், ஏ/பி. நடுக்கோடு போட்டு மாத்திட்டேன். இத எங்க அம்மாகிட்ட சொன்னேன், "அப்பன் பேருல கோடு இருந்தா மெஷினுக்கு என்னடா வலிக்குது"ன்னு கேட்டாங்க, பதில் சொல்லத் தெரியல.

கிராணி ஐயா, உங்க எழுத்த படிச்சிட்டு டி டிரைவ்வ பாத்தேன். மஞ்சளா காட்டுது, நீங்க சொன்ன மூணு வரில சி5ல கடைசில 8ன்னு இருக்கு. 05ம் சி6ம் பூஜ்யம். இது ஆபத்தா?


பழைய_கிராணி
வெள்ளி, காலை 7:30

எட்டு எடம் திணறுதுன்னு அர்த்தம். இன்னிக்கே சாகாது, கரண்ட் பட்டுன்னு போனதுல எழுத்து பாதில நின்னு அப்படிக் காட்டுறதும் உண்டு, மேல மறுபடி எழுதினா தானா பூஜ்யத்துக்கு வரும். ஆனா 05 ஏற ஆரம்பிச்சாலோ இந்த எட்டு பதினாறு ஆனாலோ அந்த டிஸ்க்க நம்பாதீங்க. கோயில் கணக்கு அதுல இருந்தா இப்பவே ரெண்டு எடத்துல வைங்க, ஒண்ணு வீட்டுக்கு வெளிய இருக்கட்டும், பொருளாளர் வீட்டுலயாவது. நான் அத செய்யல.


ஈப்போ_வயர்மேன்
வெள்ளி, மதியம் 1:05

சாப்பாட்டு நேரம், சுருக்கமா சொல்றேன்.

பென்டிரைவ்ல எடம் இருக்கு, ஆனா ஃபைல் பெருசுன்னு சொல்லுதுன்னா அந்த பென்டிரைவ் ஃபேட்32ல இருக்கு, அது ஃபைல அடுக்கி வைக்கிற ஒரு பழைய முறை. 32 ஜிபி வரைக்கும் உள்ளது பெரும்பாலும் கடையில இருந்து அப்படித்தான் வரும். ஃபேட்32ல ஒரு ஃபைலோட அளவ எழுதி வைக்கிற கட்டம் சின்னது, 429,49,67,295 பைட்டுக்கு மேல எழுத எடம் இல்ல, அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் கம்மி. 27 ஜிபி காலியா இருந்தாலும் ஒத்த ஃபைல் அதத் தாண்டக் கூடாது. பஸ்ல சீட்டு காலிதான், ஆனா வாசல் அகலத்துக்கு மேல பெட்டி ஏறாது.

பென்டிரைவ்ல உள்ளத வேற எடத்துல காப்பி பண்ணிட்டு, ரைட் கிளிக், ஃபார்மட், ஃபைல் சிஸ்டம்ல எக்ஸ்ஃபேட் எடுத்து ஸ்டார்ட் குடுங்க. அப்புறம் வீடியோ ஏறும். முடிஞ்சதும் பிடுங்காதீங்க, மூலையில இஜெக்ட் குடுத்துட்டு எடுங்க, பெரிய ஃபைல் காப்பி ஆன மாதிரி காட்டிட்டு பின்னாடி இன்னும் எழுதிக்கிட்டு இருக்கும்.

செம்பனை, பாத்தியா, இங்கதான்யா ஃபார்மட்டு.


லயத்துவீடு77
வெள்ளி, இரவு 8:44

நான் எட்டிப் பாக்க வந்தேன், ஒரு விஷயம் சேத்துடுறேன் ஏன்னா மைந்தன் அடுத்தது இதுலதான் மாட்டப் போறாரு. ஃபோல்டர் பேரு எல்லாம் தமிழ்ல வச்சிருக்கீங்களா? அத அப்படியே ஹேண்ட்போனுக்கு காப்பி பண்ணா சிலது போகாது. நான் எங்க மன்றத்து நிகழ்ச்சி படத்துக்கு "அருள்மிகு"ல ஆரம்பிச்சு தேதி வரைக்கும் முழு நோட்டீஸயும் ஃபைல் பேரா வச்சிருந்தேன், விண்டோஸ்ல ஒண்ணும் சொல்லல, ஆண்ட்ராய்டு போன்ல ஏறவே இல்ல.

காரணம், ஆண்ட்ராய்டு பேரு நீளத்த பைட்ல எண்ணும், ஒரு பேருக்கு 255 பைட். அது யூனிகோட எழுதி வைக்கிற யூடிஎஃப்-8 முறையில தமிழ் ஒரு குறிக்கு 3 பைட். "மாரியம்மன்" நம்ம கண்ணுக்கு ஆறு எழுத்து. மெஷினுக்கு கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி, அதனால பத்து. பத்துக்கு முப்பது பைட். இதே பேர ரூமி (ஆங்கில) எழுத்துல எழுதினா பத்தோ பன்னண்டோ பைட்தான். கணக்குப் போட்டா தமிழ்ல 85 குறிக்கு மேல போக முடியாது, நம்ம கண்ணுக்கு அது அம்பது எழுத்து சுமார். விண்டோஸ்ல ஒரு பேருக்கு இந்த கஷ்டம் இல்ல, ஆனா டிரைவ்ல இருந்து ஃபோல்டர் ஃபோல்டரா போயி ஃபைல் வரைக்கும் மொத்தப் பாதைக்கு 260ங்கிற பழைய எல்லை ஒண்ணு பல ப்ரோக்ராம்ல இன்னும் இருக்கு. அதனால கோயில் பேர ஒரு ஃபோல்டருக்கு மட்டும் வைங்க, உள்ள இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் மறுபடி மறுபடி எழுதாதீங்க. அம்மனுக்கு கோவம் வராது.


கித்தாக்காட்டு_மைந்தன்
சனி, மாலை 4:20

லயத்துவீடு அண்ணே நீங்க சோசியக்காரரா? நேத்து ராத்திரிதான் தலைவர் போனுக்கு அனுப்பப் பாத்து ரெண்டு ஃபோல்டர் போகாம நின்னுச்சு. ஒவ்வொண்ணுலயும் "சுங்கை சிப்புட் தோட்ட அருள்மிகு ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலய ஆண்டுத் திருவிழா"ன்னு போட்டு வச்சிருந்தேன். இப்ப வெறும் "உபயம்", "செலவு"ன்னு வச்சுட்டேன்.

பென்டிரைவ் எக்ஸ்ஃபேட் பண்ணி தீமிதி வீடியோ ஏத்திட்டேன், 40 நிமிஷம் எடுத்துச்சு, இஜெக்ட் குடுத்துதான் எடுத்தேன். டி டிரைவ்ல இருந்த கணக்கு பூராத்தையும் இன்னொரு பென்டிரைவ்ல போட்டு பொருளாளர் வீட்டு சாமி மாடத்துல வச்சாச்சு. ட்ரிப் ஆனா தாங்குற யூபிஎஸ் ஒண்ணு வாங்கலாம்னு தலைவர்கிட்ட சொல்லியிருக்கேன், பாப்போம்னாரு, அந்த பாப்போம் என்னன்னு உங்களுக்கே தெரியும்.

ஆனா இன்னிக்கு புதுத் தலவலி. மண்டபத்து டிவில அந்த பென்டிரைவ்வ சொருகினா "நோ டிவைஸ்"ங்குது. வீட்டு டிவில ஓடுது. மண்டபத்து டிவி பழசு, யாரோ உபயமா குடுத்தது.


ஈப்போ_வயர்மேன்
சனி, மாலை 5:02

பழைய டிவிக்கு எக்ஸ்ஃபேட் படிக்கத் தெரியாது அண்ணே. என்டிஎஃப்எஸ்ல ஃபார்மட் பண்ணிப் பாருங்க, சில டிவி அத படிக்கும், அதுவும் இல்லன்னா மறுபடி ஃபேட்32 போட்டு வீடியோவ ரெண்டா வெட்டித்தான் ஆவணும். இல்ல யாராவது லேப்டாப்ப எச்டிஎம்ஐ வயர்ல டிவிக்கு நேரா மாட்டிட்டா இந்த வம்பே இல்ல.


செம்பனைக்குலை
சனி, மாலை 5:10

அண்ணே எங்கிட்ட லேப்டாப் இருக்கு, வயரும் இருக்கு, 5 மீட்டர். நான் கோலகங்சார்தான், பைக்ல அரமணி நேரம். எத்தன மணிக்கு கூட்டம்?


கித்தாக்காட்டு_மைந்தன்
சனி, மாலை 5:13

வெள்ளி ராத்திரி எட்டு மணி தம்பி, ஏழுக்கே வந்துடு, சாப்பாடு இருக்கு, சைவம்தான். லேப்டாப்ப மட்டும் அதுக்குள்ள ஃபார்மட் அடிச்சுடாத.